வகுப்பறைக்குள் வந்த விவாதம்: ஜெர்மனியின் குடிமைக் கல்வி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மக்களாட்சி, பொருளாதார முன்னேற்றம், பன்னாட்டு உறவு ஆகியவற்றைக் குடிமக்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். பொதுவாகப் பேசினால் நல்ல வார்த்தைகள் நிறையச் சொல்லலாம். வீட்டுக்குப் போகும்போது மனத்தில் ஒன்றும் தங்காது. ஆகவே ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். அது ஜெர்மனி. இந்த மூன்றும் ஒன்றை ஒன்று எப்படித் தாங்குகின்றன, ஒன்று சரிந்தால் மற்றவை என்ன ஆகின்றன என்பதை அந்த நாடு தானும் துன்பப்பட்டு, உலகத்தையும் துன்பப்படுத்தித்தான் தெரிந்துகொண்டது.

முதல் உலகப் போரில் தோற்று, பேரரசரும் நாட்டை விட்டு வெளியேறிய பிறகு, ஜெர்மானியர்கள் 1919இல் வைமார் நகரில் கூடித் தங்களுக்கொரு குடியரசு அரசமைப்புச் சட்டத்தை எழுதிக்கொண்டார்கள். அதன் 148ஆவது பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. குடிமையியல் பள்ளிகளில் பாடமாக இருக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அதோடு நிற்கவில்லை. கட்டாயக் கல்வியை முடித்து வெளியே போகும் ஒவ்வொரு மாணவருக்கும் அரசமைப்புச் சட்டத்தின் படி ஒன்றைத் தர வேண்டும் என்றும் விதித்தது. பட்டறைக்கோ வயலுக்கோ கடைக்கோ வேலைக்குப் போகவிருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாட்டின் மூலச் சட்டம் சொந்தப் புத்தகமாகக் கிடைத்தது. இதைவிட நல்ல எண்ணம் ஒரு குடியரசுக்கு இருக்க முடியுமா?

அந்தப் பிள்ளை வளர்ந்து 1932இல் வாக்குச்சாவடிக்கு வந்தபோது நடந்தது நமக்குத் தெரியும். ஜூலைத் தேர்தலில் ஹிட்லரின் கட்சி 37.3 விழுக்காடு வாக்குகள் பெற்று நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியானது. 1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சித் தலைவரானார். மார்ச் 23ஆம் நாள், சட்டமியற்றும் அதிகாரத்தையே அமைச்சரவையின் கையில் ஒப்படைக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். நாஜிப் படையினர் அவையைச் சூழ்ந்து நின்றார்கள். ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். அந்த நெருக்கடியிலும் எழுந்து மறுத்துப் பேசிய அவர்களின் தலைவர் ஒட்டோ வெல்ஸின் பெயரை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. வைமார் அரசமைப்புச் சட்டத்தை யாரும் முறைப்படி ரத்து செய்யக்கூட இல்லை. நாஜி ஆட்சி நடந்த பன்னிரண்டு ஆண்டுகளும் அது தாளில் இருந்தது.

ஹிட்லரின் கட்சிக்கு வாக்களித்தவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். அன்று உலகின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்கள் அங்கேதான் இருந்தன. அறிவியல் நோபல் பரிசுகளில் அந்த நாடுதான் முன்னணியில் இருந்தது. பிறகு ஏன் இப்படி ஆயிற்று? பொருளாதார வீழ்ச்சியில் 1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையிழந்து நின்றார்கள். வெர்சாய் உடன்படிக்கை தந்த அவமானத்தை மேடைக்கு மேடை தூண்டிவிட ஆளிருந்தது. இந்த இரண்டையும் எல்லா வரலாற்று நூல்களும் சொல்கின்றன. ஆசிரியனாக நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பேன். குடிமையியல் வகுப்பில் நின்ற ஆசிரியர்களில் கணிசமானோர் மனத்தளவில் பேரரசரின் காலத்திலேயே இருந்தார்கள். குடியரசின் சட்டத்தைப் பாடமாக நடத்தினார்கள். அதன்மேல் அவர்களுக்கே மதிப்பில்லை. ஒரு சட்டத்தைப் பற்றி வகுப்பறையில் சண்டை போடவும் கேள்வி கேட்கவும் இடமில்லாவிட்டால், அந்தப் புத்தகம் பிள்ளையின் கையில்தான் இருக்கும். மனத்துக்குள் போகாது.

போர் முடிந்தபின் நிலைமை என்ன? மேற்கில் அமெரிக்கர்கள் தங்கள் ஆளுகைப் பகுதியில் 1940களின் பிற்பாதியில் தொடர்ந்து கருத்துக் கணிப்பு நடத்தினார்கள். நாஜிக் கொள்கை நல்லதுதான், நடைமுறைப்படுத்திய விதம்தான் தவறு என்று ஏறக்குறைய பாதிப் பேர் பதில் சொன்னார்கள். நாடே இடிந்து கிடக்கிறது, வதை முகாம்களின் உண்மைகள் வெளிவந்துவிட்டன, அதற்குப் பிறகும் இந்தப் பதில். 1949 மே 23இல் மேற்கு ஜெர்மனியின் அரசமைப்பான அடிப்படைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மனித மாண்பு மீறப்படக் கூடாதது என்பதை அதன் முதல் பிரிவாக வைத்தார்கள்; எந்தப் பெரும்பான்மையும் அந்தக் கோட்பாட்டை மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டார்கள். வைமார் கற்பித்த பாடம் அது. ஆனால் சட்டத்துக்குப் பூட்டுப் போடுவது எளிது, மனத்தை மாற்றுவது அப்படியல்ல.

மனத்தை முதலில் தொட்டது பணம்தான். 1948 ஜூன் 20, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவரை சிகரெட்டே நாணயமாகப் புழங்கிக்கொண்டிருந்தது, கடைகளில் சரக்கில்லை, எல்லாம் கள்ளச்சந்தையில் கிடந்தது. அன்றைக்கு மக்கள் வரிசையில் நின்று ஆளுக்கு 40 புதிய மார்க் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பாத்திரமும் காலணியும் வெண்ணெயும் வந்து உட்கார்ந்துவிட்டன. அதுவரை பதுக்கி வைக்கப்பட்டிருந்த சரக்கு அது. பொருளாதாரப் பொறுப்பிலிருந்த லுட்விக் ஏர்ஹார்ட் பல பொருள்களின் விலைக்கட்டுப்பாட்டையும் கையோடு நீக்கினார். இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்து, பொருளாதார அதிசயம் என்று பெயர் சூட்டிவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த சில மாதங்களில் விலைகள் ஏறின, கூலி ஏறவில்லை, நவம்பர் 12ஆம் நாள் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். சந்தையைத் திறந்துவிட்டவர்களும் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களும் சேர்ந்துதான் அந்தப் பொருளாதாரத்தைச் செதுக்கினார்கள்.

வெளியுலகமும் கை கொடுத்தது. மார்ஷல் திட்ட உதவியை எல்லோரும் அறிவார்கள். 1953 பிப்ரவரியில் லண்டனில் கையெழுத்தான கடன் உடன்பாட்டை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. ஜெர்மனியின் வெளிக்கடனில் ஏறத்தாழ பாதியைக் கடன்கொடுத்த நாடுகள் விட்டுக்கொடுத்தன. கையெழுத்திட்ட நாடுகளின் பட்டியலில் பாகிஸ்தானும் அன்றைய சிலோனும் இருந்தன. விடுதலை பெற்று ஐந்தாறு ஆண்டுகளே ஆன நம் அண்டை நாடுகள் ஐரோப்பாவின் மறுவாழ்வுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன என்பதை நம் பொருளியல் வகுப்புகளில் சொல்லலாம்.

இப்படி வந்த வளம் மக்களாட்சியைக் கொண்டுவந்ததா? அமெரிக்க அறிஞர்கள் கேப்ரியல் ஆல்மண்டும் சிட்னி வெர்பாவும் 1959, 1960 வாக்கில் ஐந்து நாடுகளில் ஆய்வு நடத்தி 1963இல் நூலாக வெளியிட்டார்கள். உங்கள் நாட்டில் எதைக் குறித்துப் பெருமைப்படுகிறீர்கள் என்று கேட்டபோது, அமெரிக்கர்களில் 85 விழுக்காட்டினர் தங்கள் ஆட்சிமுறையையும் அரசியல் நிறுவனங்களையும் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியில் அப்படிச் சொன்னவர்கள் 7 விழுக்காடு. பொருளாதாரத்தைச் சொன்னவர்கள் 33 விழுக்காடு. வயிறு நிறைந்திருந்தது, வாக்குச்சாவடியும் நிறைந்திருந்தது. ஆனால் ஆட்சிமுறை தங்களுடையது என்ற எண்ணம் இல்லை. 1966, 67இல் ஒரு சிறு மந்தம் வந்ததுமே தீவிர வலதுசாரிக் கட்சியொன்று தலைதூக்கி, 1969 தேர்தலில் 4.3 விழுக்காடு வாங்கியது. 5 விழுக்காடு பெற்றால்தான் நாடாளுமன்றத்தில் இடம் என்ற விதி மட்டும் இல்லாதிருந்தால் உள்ளே வந்திருப்பார்கள். வளர்ச்சி வந்தால் மக்களாட்சி தானாகப் பின்னால் வரும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த எண்களைத்தான் நான் எடுத்துக் காட்டுவது வழக்கம்.

ஆட்சியில் பங்கு என்பதைப் பழக்கும் வகையில் தொழிற்கூடத்தில் அவர்கள் செய்ததை நான் உயர்வாக மதிக்கிறேன். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலக்கரி, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் முதலீட்டாளர்களுக்கு எத்தனை இடமோ அத்தனை இடம் தொழிலாளர் தரப்புக்கும். தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகி நின்றபின் வந்த சட்டம் இது. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் தொழிலாளர் மன்றம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தொழிற்பழகுநர்களான இளைஞர்கள் தங்களுக்கென்று தனிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம். சுரங்க வாசலில் வாக்குப்பெட்டி வைத்துத் தன் சக தொழிலாளியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவனுக்கு, அந்த ஆள் நிர்வாகத்தின் கணக்கை வாங்கிப் பார்த்து வந்து விளக்கியதைக் கேட்டவனுக்கு, பிரதிநிதித்துவம் என்பது பாடநூல் சங்கதியாக இருக்காது. 1972இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அந்த மன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம் என்ற உரிமை வந்தது. துருக்கியிலிருந்து வந்தவர் ஆலையில் பிரதிநிதியாகலாம். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அவர் பிள்ளை ஜெர்மன் பள்ளியில் குடிமையியல் படித்தது, ஆனால் 2000ஆம் ஆண்டு புதிய குடியுரிமைச் சட்டம் வரும்வரை அங்கே பிறந்ததால் மட்டும் அது குடிமகன் ஆகிவிடவில்லை. இந்தக் குறையை மறைத்து ஜெர்மனியைப் புகழ்வது நியாயமாகாது.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். 1952இல் பான் நகரில் அரசு ஒரு மையத்தை நிறுவியது. இன்று அதன் பெயர் அரசியல் கல்விக்கான கூட்டாட்சி மையம். உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும், அது ஒரு கட்சிக்குச் சாய்கிறதா என்று பார்க்க நாடாளுமன்றத்தின் பல கட்சி உறுப்பினர்களைக் கொண்ட குழு உண்டு. ஆனால் பள்ளிக் கல்வி மாநிலங்களின் அதிகாரம். 1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு, பள்ளியில் அரசியலை எப்படிக் கற்பிப்பது என்பதே பெரும் சண்டையானது. சமூக ஜனநாயகக் கட்சி ஆண்ட ஹெஸ்ஸன் மாநிலம் முரண்பாடுகளை முன்னிறுத்தும் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் புரட்சி கற்பிக்கிறார்கள் என்று பழமைவாதிகள் கொதித்தார்கள். எதிர்த்தரப்பு மாநிலங்களில் பணிவைப் போதிக்கிறார்கள் என்று இடதுசாரிகள் குற்றம் சாட்டினார்கள். ஒரே நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு உண்மை என்ற நிலை வந்தது.

1976ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் அரசியல் கல்வி மையத்தை நடத்திவந்த சீக்ஃபிரீட் ஷீலே, இரு தரப்புக் கல்வியாளர்களையும் பாய்டல்ஸ்பாக் என்ற சிறிய ஊருக்கு அழைத்தார். பேசினார்கள். தீர்மானம் எதுவும் போடவில்லை, வாக்கெடுப்பு இல்லை, கையெழுத்து இல்லை. கலந்துகொண்ட ஹான்ஸ்-கியோர்க் வேலிங், எல்லோரும் ஒத்துக்கொண்டதாகத் தமக்குப் பட்ட சில கருத்துகளைத் தொகுத்து மறு ஆண்டு அச்சிட்டார். அவ்வளவுதான். அந்தச் சில வரிகள் இன்றைக்கு அந்த நாட்டு ஆசிரியர்களுக்கு அடிப்படை நெறியாக நிற்கின்றன.

அதன் சாரம் இது. ஆசிரியர் தான் விரும்பும் கருத்தை மாணவர்மீது திணித்து, அவர் சொந்தமாகத் தீர்மானிக்கும் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது. அறிஞர்களிடையிலும் அரசியலிலும் எது சர்ச்சையாக இருக்கிறதோ அது வகுப்பறையிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். ஓர் அரசியல் நிலைமையில் தன் நலன் எங்கே இருக்கிறது என்று மாணவர் ஆராயவும், அந்த நிலைமையை மாற்ற வழி தேடவும் பழக வேண்டும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் கடினம் தெரியும். அதே மாநிலத்தில், 1975 பிப்ரவரியில், வீல் என்ற கிராமத்தில் அணுமின் நிலையம் கட்டவிருந்த இடத்தைத் திராட்சை விவசாயிகளும் மாணவர்களும் புகுந்து பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பகுதிப் பள்ளியில் ஓர் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அவர் வகுப்பில் விவசாயியின் மகளும் இருப்பாள். மின்நிலையம் வந்தால் வேலை கிடைக்கும் என்று காத்திருப்பவரின் மகனும் இருப்பான். ஒன்றும் பேசாமல் மின்சார உற்பத்திப் பாடத்தை நடத்திவிட்டுப் போனால் தப்பித்துக்கொள்ளலாம். தன் கருத்தை உணர்ச்சியோடு முழங்கினால் பாதி வகுப்பின் கைதட்டல் கிடைக்கும். பாய்டல்ஸ்பாக் நெறி இரண்டுக்கும் இடம் தரவில்லை. மின்வாரியத்தின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைக்க வேண்டும். விவசாயியின் அச்சத்தையும் அதே வலுவோடு வைக்க வேண்டும். அந்த மகளும் மகனும் ஒருவர் வாதத்தை மற்றவர் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு யாருக்கு எழுதுவது, எந்த நீதிமன்றம், எந்த மன்றம் என்று தேட வேண்டும். தனக்கே உறுதியான கருத்து இருக்கும்போது எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துரைப்பதைவிடக் கடினமான பணி ஆசிரியத் தொழிலில் இல்லை என்று நான் நினைக்கிறேன். வீலில் அந்த நிலையம் கடைசிவரை கட்டப்படவில்லை.

எல்லைக்கு அப்பால், கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியிலும் குடிமையியல் இருந்தது. கட்டாயப் பாடம், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அச்சிட்ட பாடநூல்கள் எல்லாம் இருந்தன. கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு. அதை எழுதினால் மதிப்பெண். வகுப்பில் ஒரு பேச்சும் வீட்டில் ஒரு பேச்சுமாகப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1989 அக்டோபர் 9ஆம் நாள் லைப்சிக் நகரத் தெருக்களில் அந்த ஆட்சியை எதிர்த்து ஏறத்தாழ 70,000 பேர் திரண்டபோது, அவர்களுக்குத் தைரியம் தந்தவை தேவாலயங்களில் நடந்த திங்கள்கிழமைக் கூட்டங்கள். பள்ளிக்கூடம் அல்ல.

பன்னாட்டு உறவுக்கு வருகிறேன். அண்டை நாட்டைப் பற்றிய அறிவு பெரும்பாலும் பள்ளி வரைபடத்தில்தான் தொடங்குகிறது. போருக்குப் பின் ஓடர், நைஸே நதிகளுக்குக் கிழக்கே இருந்த ஜெர்மன் நிலம் போலந்துக்குப் போனது. மேற்கு ஜெர்மனியின் பள்ளி வரைபடங்களோ நெடுங்காலம் 1937ஆம் ஆண்டு எல்லையையே காட்டி, அந்த நிலத்தைத் தற்காலிகமாகப் போலந்து நிர்வாகத்தில் இருப்பதாகக் குறித்தன. போலந்துப் பிள்ளைகளுக்கோ அது மீட்கப்பட்ட மண் என்று கற்பிக்கப்பட்டது. இரு பக்கமும் பிள்ளைகள் அடுத்த போருக்கான நியாயத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். 1970 டிசம்பர் 7ஆம் நாள் வார்சாவில் யூதர் எழுச்சி நினைவிடத்தில் ஆட்சித் தலைவர் வில்லி பிராண்ட் முழந்தாளிட்டார். சொந்த நாட்டில் நடந்த கணிப்பில் 48 விழுக்காட்டினர் இது அதிகம் என்றார்கள். 41 விழுக்காட்டினர்தான் சரி என்றார்கள். 1972இல் இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து பாடநூல் ஆணையம் அமைத்தார்கள். பிரௌன்ஷ்வைக் நகரின் கியோர்க் எக்கர்ட் அதற்கு உழைத்தவர்களில் முதன்மையானவர். 1976இல் பரிந்துரைகள் வெளிவந்தபோது தாய்மண்ணை இழந்து வந்த ஜெர்மானியர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சில மாநிலங்கள் ஏற்க மறுத்தன. அப்போதும் ஆணையம் கலையவில்லை. இரு நாட்டுப் பிள்ளைகளும் படிக்கும் பொது வரலாற்றுப் பாடநூலின் முதல் தொகுதி 2016இல் வந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து செய்த வேலை அது.

பிரான்ஸோடு இது விரைவாக நடந்தது. எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை போரிட்ட நாடுகள் 1963 ஜனவரியில் எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு இளைஞர் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கின. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாக எல்லை கடந்து மற்ற நாட்டின் வீடுகளிலும் பள்ளிகளிலும் தங்கியிருக்கிறார்கள். உடன்படிக்கையின் 40ஆம் ஆண்டில் பெர்லினில் கூடிய இளைஞர் நாடாளுமன்றம் பொதுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டது. 2006இல் முதல் தொகுதி வந்தது. கேட்டவர்கள் மாணவர்கள் என்பதை இங்குள்ள மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்த நாட்டில் இன்றைய நிலை என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2025 பிப்ரவரித் தேர்தலில் தீவிர வலதுசாரியான ஏஎஃப்டி கட்சி 20.8 விழுக்காடு வாக்கு பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் ஆலைகள் மூடப்பட்டு வேலையிழந்த கிழக்குப் பகுதியில் அதன் வலு மிக அதிகம். அந்தக் கட்சி 2018இல் ஹாம்பர்க்கில் ஓர் இணையதளம் திறந்தது. தங்களுக்கு எதிராகப் பேசும் ஆசிரியர்களைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் புகார் செய்யலாம் என்றது. காரணமாகக் காட்டியது ஆசிரியர் நடுநிலையை. இந்த வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன். சர்ச்சைக்குரியதைச் சர்ச்சையாகச் சொல் என்பதுதான் பாய்டல்ஸ்பாக் நெறி. மனிதனுக்கு மாண்பு உண்டா என்பது அங்கே சர்ச்சைக்குரிய பொருள் அல்ல. அது அடிப்படைச் சட்டத்தின் முதல் பிரிவு. ஒரு பிள்ளையின் தோலையும் மதத்தையும் இழிவுபடுத்தும் பேச்சின் முன்னால் ஆசிரியர் வாய்மூடி நிற்பதற்கு அந்த நெறி எந்த இடத்திலும் அனுமதி தரவில்லை.

குடிமைக் கல்வியால் தீவிரவாதக் கட்சிகளை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலையில்லாதவனுக்குப் பாடநூல் வேலை தராது. ஆனால் 1932இல் இருந்ததற்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். 2002 முதல் அரசியல் கல்விக்கான கூட்டாட்சி மையம் நடத்தும் வால்-ஓ-மாட் என்ற இணையச் சேவையைப் பாருங்கள். தேர்தலுக்கு முன் 38 கூற்றுகளை வைக்கிறார்கள். அவற்றை எழுதுவதில் இளம் வாக்காளர்களுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொரு கூற்றுக்கும் கட்சிகளே தங்கள் பதிலைத் தருகின்றன. வாக்காளர் தன் பதிலை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2021 தேர்தலின்போது அது 2 கோடி முறைக்கு மேல் பயன்படுத்தப்பட்டது. 2019இல், ஒரே நேரத்தில் எட்டுக் கட்சிகளை மட்டும் ஒப்பிட முடிவதால் சிறு கட்சிகளுக்கு அநீதி என்று ஒரு சிறு கட்சி வழக்குத் தொடுத்தது. கொலோன் நீதிமன்றம் சேவையை நிறுத்தச் சொன்னது. சமரசம் ஆகி மீண்டும் திறந்தார்கள். மக்களாட்சியைக் கற்பிக்கும் அரசு நிறுவனத்தையே ஒரு சிறு கட்சி நீதிமன்றத்துக்கு இழுத்துத் திருத்த முடிகிறது. வைமார் காலத்துப் பிள்ளைக்குப் புத்தகம் கிடைத்தது. இந்த உரிமையைப் பயன்படுத்திப் பழகும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

இந்த அரங்கில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் உங்கள் ஊரில் உண்மையாகவே தகராறில் இருக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை விரிவாக்கமாக இருக்கலாம், குப்பைக் கிடங்காக இருக்கலாம், ஓர் ஆலையாக இருக்கலாம். இரண்டு தரப்பையும் வகுப்புக்கு அழைத்துப் பேச வையுங்கள். உங்கள் கருத்தைக் கடைசிவரை நிறுத்தி வையுங்கள். மாணவர் கேட்டால் மட்டும், இது என் கருத்து என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் தங்கள் முடிவை ஊராட்சிக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தாங்களே மனுவாக எழுதட்டும். பதில் வந்தால் அதையும் வகுப்பில் படியுங்கள், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மீண்டும் எழுதச் சொல்லுங்கள்.